திருஷ்டி பீஸ்

எங்கள் கராத்தே கிளப்பின் பெல்ட் தேர்வில் யாரும் தோற்றதில்லை, ஒருவரைத் தவிர. ஆண்டுக்கு மூன்று முறை தேர்வு நடக்கும். ஒவ்வொரு முறையும் அறுபது எழுபது பேர் வரிசையாக நின்று கையையும் காலையும் வீசுவார்கள். வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் ஆரஞ்சாகும், பச்சை நீலமாகும். எல்லோரும் தேறுவார்கள், ஒரே ஒருவர் மட்டும் தோற்பார். அந்த ஒருவர் யார் என்பது முந்தின வாரமே முடிவாகிவிடும். முடிவெடுப்பவர் மாஸ்டர். அதைத் தாளில் குறிப்பவன் நான்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்த கதை இது. அப்போது நான் திருப்பூரில், வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் டி-சர்ட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சிவப்பு அரோ ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒரு பக்கம் தள்ள வேண்டும். அம்பு வடிவத்தில், நகத்தளவுதான் இருக்கும் அந்த ஸ்டிக்கர். குறை இல்லையென்றால் ‘பாஸ்’ என்று சொல்லி இன்னொரு பக்கம். நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி எனக்கு வேறு பேச்சே மறந்துவிடும் போலிருந்தது.

மாஸ்டர் அதே கம்பெனியில் எனக்கு மேலே இருந்தார். சரக்கு கப்பலுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்த்து அனுப்புகிற இன்சார்ஜ். புதன் சாயங்காலமும் ஞாயிறு காலையும் மட்டும் கறுப்பு பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறுக்கிக்கொண்டு மாஸ்டர் ஆகிவிடுவார். ஜப்பானியர் ஒருவரிடம் நேரடியாகக் கற்றதாகச் சொல்லிக்கொள்வார். அதற்குச் சாட்சியாக ஒரு போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். எப்போதோ கோயமுத்தூருக்கு ஒரு நாள் வந்துபோன அந்த ஜப்பானியரைச் சுற்றி நூறு பேர் நிற்கிற போட்டோ அது. ஐந்தாவது வரிசையில் ஒரு தலை பாதி தெரியும். அது தன் தலைதான் என்று பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். வட்டம் போடாவிட்டால் அவர் மனைவிக்குக்கூட அடையாளம் தெரிந்திருக்காது.

அவருடைய உண்மையான திறமை கராத்தே அல்ல, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆளை ஏமாற்றுவது. அந்த ஆள் வந்து பெட்டிகளைப் பிரித்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பீஸ்களை உருவிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் மேலும் கிண்டுவார். கிண்டினால் உண்மையான குறை வெளியே வந்துவிடும். அதனால் அவர் கை முதலில் எட்டுகிற இடத்தில் ஒரு பீஸை நாங்களே வைத்துவிடுவோம். நூல் நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது லேபிள் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அவர் அதைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்துவிடும். நாங்கள் தலையைச் சொறிவோம். அவர் நாலு வார்த்தை கடிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். புது வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுகிற மாதிரிதான். எங்கள் டேபிளில் அதற்குத் திருஷ்டி பீஸ் என்று பெயர்.

இந்த வித்தையைத்தான் மனிதர் அப்படியே பெல்ட் தேர்வுக்குக் கொண்டுவந்தார். முதன்முதலில் எனக்கு விளக்கியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை இன்னும் மறக்கவில்லை.

“எல்லாம் பாஸுன்னா எவன் தம்பி நம்புவான்? ஒண்ணாவது விழோணும். அப்பத்தான் மிச்சத்துக்கு மருவாதி.”

விழுகிற ஒன்று எக்ஸ்போர்ட் முதலாளி வீட்டுப் பிள்ளையாக இருக்காது. கவுன்சிலர் வீட்டுப் பிள்ளையாகவோ டாக்டர் வீட்டுப் பிள்ளையாகவோ இருக்காது. சாயப்பட்டறைக்குப் போகிறவர் மகன், ஓட்டலில் மாவாட்டுகிறவர் மகன் என்று, ஏன் என்று வந்து கேட்க ஆளில்லாத பிள்ளையாகப் பார்த்துப் பொறுக்குவார். நான் பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே சட்டைப்பையிலிருந்து ஒரு அரோ ஸ்டிக்கரை எடுத்து ஒட்டுவேன். செக்கிங் டேபிளில் செய்கிற அதே வேலை என்பதால் கை தானாகவே செய்துவிடும்.

அந்த ஊரின் கராத்தே எப்படிப்பட்டது என்பதற்கு எங்கள் உடுப்பு ஒன்றே போதும். கராத்தே உடுப்பு முறுக்கான காடாத் துணியில் தைக்க வேண்டியது. எங்கள் கிளப்பில் ஒரு பிள்ளையின் அப்பா பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மிஷின்கள் போட்டிருந்தார். அவர் பெருந்தன்மையாக மொத்த உடுப்பையும் பனியன் துணியில் தைத்துக் கொடுத்துவிட்டார். இழுத்த இழுப்புக்கு வருகிற துணி. இரண்டு சலவைக்குப் பிறகு சட்டைக் கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கும், கழுத்து தோளுக்கு இறங்கும். எதிராளியின் சட்டையைப் பிடித்தால் சட்டை மட்டும் கையோடு வரும், ஆள் அங்கேயே நிற்பான். உலகத்தில் வேறெங்கும் ஒருவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. எங்களுக்குப் பனியன் துணியைத் தவிர வேறு துணி இருப்பதே ஞாபகம் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்திதான் தன் உடுப்பைத் தானே காடாத் துணி வாங்கித் தைத்துப் போட்டிருந்தாள். ஊத்துக்குளியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கலாம். எட்டு ஆண்டாகப் பஞ்சுத் தூசியை மூச்சோடு இழுத்து இழுத்து இளைப்பு வந்திருந்தது. டாக்டர் மிஷினை விடச் சொல்லிவிட்டார். அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தர ஒரு பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பிரவுன் பெல்ட் சான்றிதழோடு ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்தால் வேலை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அவளிடம் இருந்தது அதற்கு ஒரு படி கீழே. ஏப்ரல் கடைசியில் வருகிற தேர்வில் தேறினால் போதும். இதை அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள், மாஸ்டரிடமும்தான். மறைக்க வேண்டியது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தேர்வுக்கு முந்தின வாரம் மாஸ்டர் கம்பெனி டீக்கடை ஓரமாக என்னைக் கூப்பிட்டு அவள் பெயரைச் சொன்னார். போன தடவை விழுந்த பையனின் அம்மா ஒரு மணி நேரம் அழுது ஆர்ப்பாட்டம் செய்துவிட்டாளாம். பெரிய பெண்ணாக இருந்தால் அழமாட்டாளாம். அதோடு, நன்றாகச் செய்கிறவளே விழுந்துவிட்டால் தேர்வு எவ்வளவு கறாரானது என்று ஊரே பேசுமாம். இதையெல்லாம் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார். அவளுக்குப் பள்ளிக்கூட வேலை இருக்கிறதே என்று நான் ஒரு வார்த்தை கேட்டேன். மே கடைசியில் மறுதேர்வு என்று ஒன்று வைத்துச் சான்றிதழைக் கொடுத்துவிட்டால் போயிற்று, அவளுக்கும் வேலை போகாது என்றார். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தார்.

அந்தத் தேர்வில்தான் எனக்கு, கறுப்பு பெல்ட்டில் அடுத்த படியான இரண்டாவது டான் தருவதாகச் சொல்லியிருந்தார். என் பெயர் அச்சடித்த சான்றிதழை அவருடைய பையில் நானே பார்த்திருந்தேன். ஒரு தாளுக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று எழுத இப்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு வைத்தார்கள். மணமக்கள் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சோபாவில் மாஸ்டரும் தலைமை விருந்தினரும் உட்கார்ந்தார்கள். விருந்தினர் ஒரு எக்ஸ்போர்ட் முதலாளி. இரண்டு செல்போன்களையும் தொடைமேல் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பேசினார். அவர் மகனுக்கு நீலம். பையன் கட்டா செய்ய வந்தான். அதாவது எதிரே ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டு வரிசை மாறாமல் தடுத்து அடித்துத் திரும்புவது. நாலாவது அசைவில் அவனுக்கு மறந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் இரண்டு குத்து விட்டு, பெரிதாகக் கத்தி, அவன் பாட்டுக்கு முடித்துக்கொண்டான். கத்தினதற்கே மண்டபம் கைதட்டியது. அடுத்து ஓடு உடைத்தான். ஓடுகளின் அடிப்பக்கத்தை முந்தின நாளே ஆக்சா பிளேடால் நான் கீறி வைத்திருந்தேன். தும்மினாலே உடையும். பெற்றவர்கள் எழுந்து நின்று போட்டோ எடுத்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு அப்படியொரு வெறுப்பு வந்தது. கடையில் ஒரு டி-சர்ட் வாங்கினால் உள்ளே வெளியே புரட்டிப் பார்க்கிற மனிதர்கள், சொந்தப் பிள்ளையை ஒரு தடவை புரட்டிப் பார்க்கவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் முறை வந்தது. அவள் வரும்போது விருந்தினர் போனில் இருந்தார். பெற்றவர்கள் பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கட்டாவில் உடம்பின் எடை முழுவதையும் பின்காலில் வாங்கி, பாதத்தைச் சரியாகப் பக்கவாட்டில் வைத்து நிற்க வேண்டிய ஒரு நிலை பல முறை வரும். எனக்கு அது ஒருநாளும் முழுதாக வந்ததில்லை. மாஸ்டருக்குத் தொப்பை விடாது. அவளுக்கு ஒவ்வொரு முறையும் பாதம் அதே இடத்தில் வந்து நின்றது. கடைசியில் மூச்சு இளைத்தது, ஆனால் கால் அசையவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நடந்த ஒரே கராத்தே அதுதான். நான் பட்டியலை மடியில் வைத்து, அவள் பெயருக்கு நேரே ஸ்டிக்கரை ஒட்டினேன்.

முடிவு சொல்லும்போது மாஸ்டர் மைக்கைப் பிடித்து, இங்கே பெல்ட்டைக் கொடுப்பதில்லை, உழைத்துத்தான் வாங்க வேண்டும், தகுதி இல்லாவிட்டால் எவ்வளவு பழைய மாணவராக இருந்தாலும் தயவு கிடையாது என்று முழங்கினார். அப்புறம் அவள் பெயரைச் சொல்லி, மறுதேர்வு என்றார். விருந்தினர் போனைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுதான் என்று மெச்சிக்கொண்டார். பெற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். தங்கள் பிள்ளை தேறியதன் மதிப்பு அந்த நொடியில் அவர்களுக்குக் கூடிவிட்டது. கையெழுத்துப் போடும்போது பையரின் ஆளுக்கு இருக்கிற அதே முகம். பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டு இரண்டாவது டான் கொடுத்தார்கள், நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். மாஸ்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, அவள் அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“எந்த எடத்துலீங்ணா தப்பு? சொன்னீங்கன்னா திருத்திக்கறனுங்க.”

தப்பு எங்குமே இல்லை. ஆனால் அரோ ஸ்டிக்கருக்கு ஒரு கூர்முனை இருக்கிறது. அது ஏதாவது ஒரு இடத்தைக் காட்டியாக வேண்டும். இடம் காட்டாமல் ஒரு பீஸை ஒதுக்கினால் எந்த டெய்லரும் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பது செக்கிங்கில் முதல் நாள் கற்றுக்கொடுக்கிற பாடம். நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். பின்கால் பாதம் இன்னும் கொஞ்சம் பின்னால் திரும்ப வேண்டும் என்றேன். எவ்வளவு என்று கேட்டாள். இரண்டு இஞ்ச் என்றேன். எங்கள் தொழிலில் எல்லாக் குறைக்கும் ஒரு அளவு உண்டு, அதனால் வாயில் அளவு தானாக வந்துவிட்டது. அவள் பையைத் துழாவி, துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். கோடு போட்டுக் காட்டச் சொன்னாள். மண்டபத்து மொசைக் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் பாதம் நிற்க வேண்டிய கோட்டை நான் போட்டுக் காட்டினேன். அவள் அதன்மேல் பாதத்தை வைத்துப் பார்த்து, முழங்கால் இழுக்கிறது என்றாள். பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

அடுத்த நாலு வாரமும் வகுப்புக்கு அரை மணி முன்னதாகவே வந்து, தரையில் கோடு போட்டு, அதன்மேல் நின்று பழகினாள். வீட்டிலும் கோடு போட்டிருப்பதாகச் சொன்னாள். என் கண் முன்னால் ஒரு நல்ல நிலை கெட்டுக்கொண்டே வந்தது. பாதம் ஒரு பக்கம் பார்த்தது, முழங்கால் வேறு பக்கம் பார்த்தது. எடை பின்காலில் உட்காராமல் வழுக்கியது. உதை முன்னைப்போல எழவில்லை. எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். நான் சொன்னது பொய் என்றால் ஏன் சொன்னாய் என்று வரும், ஏன் என்றால் மாஸ்டர் வருவார், மாஸ்டர் வந்தால் என் டான் வரும். இப்படி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டு மற்றப் பிள்ளைகள் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

மே கடைசியில் கம்பெனி மாடியில் மறுதேர்வு. மாஸ்டர், நான், அவள், மூன்று பேர்தான். அவள் கட்டாவைச் செய்தாள். இப்போது அதில் உண்மையிலேயே தப்பு இருந்தது, இரண்டு இஞ்ச் தப்பு. மாஸ்டர் ஏற்றுமதி லாரிக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஏப்ரலில் சரியாகச் செய்தவள் தோற்றாள், மே மாதம் தப்பாகச் செய்தவள் தேறினாள். சான்றிதழோடு அவள் ஜூனில் அவிநாசிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். யாருக்கு என்ன நட்டம் என்று மாஸ்டர் என்னைக் கேட்டார். நட்டம் ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன். அவளுக்கு வேலை கிடைத்தது, தூசி விட்டது, இளைப்பும் குறைந்திருக்கும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போனேன். என் அக்கா மகள் அங்கே ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள், நடனத்தில் இருந்தாள். நடனத்துக்கு முன்னால் கராத்தே என்றார்கள். பெண் பிள்ளைகள் நாற்பது பேர் மேடை ஏறினார்கள். எல்லோருக்கும் முறுக்கான காடாத் துணியில் அளவாகத் தைத்த உடுப்பு. அவள் பக்கத்தில் நின்று ஒற்றைச் சொல்லில் ஏவினாள். ஓரசைவுகூடப் பிசகவில்லை. எங்கள் மண்டபத்துக் கூத்தைப் பார்த்த கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது, அந்தப் பெருமையில் எனக்கென்ன பங்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

பிறகு அந்த நிலை வந்தது. நாற்பது பேரும் ஒரே சமயத்தில் பின்காலில் இறங்கினார்கள். நாற்பது பாதமும் அளவுக்கு மேல் பின்னால் திரும்பியிருந்தன. மேடைப் பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தது. கட்டிங்கில் துணி வெட்டுகிற பேட்டர்ன் அட்டை தப்பாகிவிட்டால் ஒரு பீஸ் மட்டும் கெடாது, லாட் முழுக்கக் கெடும். அந்தப் பேட்டர்னை வெட்டிக் கொடுத்தவன் நான்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவள் என்னைக் கூட்டத்தில் பார்த்துவிட்டாள். வேகமாக வந்தாள். மூச்சு இளைக்கவில்லை. ஆனால் படி இறங்கும்போது ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். முழங்காலில் பட்டை கட்டியிருந்தது கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது. இந்தக் கால் கொஞ்ச நாளாக வலிக்கிறது, வயசாகுது போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து இருக்கும். மேடைக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொன்னாள்.

“கண்ணுகளா, இந்த அண்ணந்தான் என்ற கால்ல இருந்த தப்பக் கண்டுபுடிச்சுச் சொன்னவரு. அத்தன வருசத்துல வேற யாருமே சொல்லலீங்க சாமி.”

நாற்பது பேரும் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். என் முன்னால் அதுவரை யாரும் அவ்வளவு முறையாக வணங்கியதில்லை. வரிசையில் ஒரு பிள்ளை நிமிரும்போது கையை முழங்காலில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள். அவளுக்குப் பத்து வயதுகூட இருக்காது.

பிள்ளைகளிடம் ஏதாவது குறை தெரிந்ததா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். சும்மா கேட்கவில்லை, சொன்னால் நாளைக் காலையிலேயே திருத்திவிடுகிறவள் அவள். ஒரு வாக்கியம் போதும். தப்பு அவர்கள் காலில் இல்லை, நான் போட்ட கோட்டில்தான் என்று சொன்னால் நாற்பது முழங்காலும் அவள் முழங்காலும் தப்பித்துவிடும். அதைச் சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். மாஸ்டரை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்ப்பாள்.

“எல்லாம் பாஸுங்க,” என்றேன்.